மூன்றாம் மாடியில் அத்தான்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் பத்திரமாக ஓட்டலுக்கு வந்து சேர்ந்தோம். உன் குடலிறக்க ஆபரேஷன் தையல் ஆறிவிட்டதா? டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு வாளி, பெட்டி என்று எதையாவது தூக்கிக்கொண்டு நிற்காதே.

உன் அத்தானை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். முழங்காலில் தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஆனால் தினமும் மடக்கிப் பழக்க வேண்டும். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ரெண்டு மூணு மாசம்தாம்மா முக்கியம். தினமும் கூட்டிட்டு வாங்க, மெஷின்ல வச்சு மடக்கணும். விட்டுட்டீங்கன்னா மூட்டு அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் யார் வந்தாலும் மடங்காது" என்றார். பிரேக்கில் வைக்க வேண்டிய கால் அது. டிப்போவில் அவருடைய பஸ்ஸைத் தற்காலிகமாகத்தான் வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார்களாம். அந்தத் 'தற்காலிகத்தை' நம்பித்தான் இவர் ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கம்பெனி ஓட்டலில் ஊழியர் சலுகையில் நீ அறை போட்டுக் கொடுத்தது பெரிய உதவி. ஜன்னலைத் திறந்தால் எதிரிலேயே ஆஸ்பத்திரி வாசல். தரைத்தள அறை என்று நீ எழுதியிருந்தாய். இப்போதைக்கு மூன்றாம் மாடியில் கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் பழுது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று ரிசப்ஷன் பெண் சொன்னாள். பெட்டி தூக்கும் ஆட்கள் இருவர் அத்தானை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அவர் முன்னால் பிடித்தவருக்கு முன்சக்கரம் என்றும் பின்னால் பிடித்தவருக்குப் பின்சக்கரம் என்றும் பெயர் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் "ஹாரன் அடிங்கப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார். மாடி முழுக்கச் சிரிப்பு.

அறை வசதியாகத்தான் இருக்கிறது. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

பாசமுள்ள,
அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். தையல் ஆறிவிட்டது, குனிந்தால் மட்டும் சுருக்கென்கிறது. இன்னும் பல மாதம் கனமே தூக்கக் கூடாதாம். வீட்டில் தலையணையைக்கூட என் கையில் தருவதில்லை, ராஜ மரியாதைதான். அத்தானின் வீக்கம் வற்றியதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

"அறை வசதியாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உன்னைத் தெரியாதா? நான் கணக்கில் கோட்டை விட்ட வருஷமும் அப்பாவிடம் "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றாய். உள்ளதை எழுது.

தரைத்தள அறை என்று நானே எழுதி அனுப்பினேன், கிளையிலிருந்து சரி என்று பதிலும் வந்தது. ரிசப்ஷனில் தயங்காமல் கேள். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியுமே. நாடு முழுக்க எங்கள் ஓட்டல்களில் தங்கி மனம் நொந்தவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். "உங்க கை பட்டா கோபமே கரைஞ்சு போயிடுது" என்று மேலதிகாரி சொல்வார். ஊரார் கோபத்தையெல்லாம் கரைக்கிறவன் அக்காவுக்கு ஒரு அறை வாங்கித் தரமாட்டேனா?

அத்தானிடம் சொல், காலை மடக்கி முடித்ததும் என்னை ஒரு நாள் அவர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

என்றும் உன்,
தம்பி

பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கொஞ்சம் இடுப்பு வலி, வேறொன்றுமில்லை. நீ குனியாமல் இரு.

உள்ளதை எழுதச் சொன்னாய். லிஃப்ட் வாசலில் 'நாளை சரியாகிவிடும், சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. பித்தளையில், எழுத்தெல்லாம் செதுக்கி. பித்தளையில் செதுக்கிய நாளை எப்போது வரும் என்று உன் அத்தான் கேட்கிறார். தரைத்தளத்தில் ஒரு அறை பூட்டியே கிடக்கிறது. கேட்டால், "அது டைரக்டர்கள் வந்தா தங்கற ரூம்மா, எப்ப வேணா வருவாங்க" என்கிறாள் அந்தப் பெண். வராத டைரக்டருக்குத் தினமும் கதவடியில் புதுச் செய்தித்தாள் வைக்கிறார்கள். எங்கள் அறைக்கு வெந்நீர்தான் வரவில்லை.

முன்சக்கரமும் பின்சக்கரமும் நல்ல பிள்ளைகள். கைவேலை ஓய்ந்த நேரத்தில் வந்து தூக்குகிறார்கள். ஆனால் பெட்டியோடு விருந்தாளி வந்துவிட்டால் நாங்கள் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நேரம் தவறினால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். சில நாள் கீழே இறங்கி, சாலையைக் கடந்து, வெறுமனே திரும்பி வந்திருக்கிறோம். அன்றெல்லாம் நானே அறையில் பிடித்து மடக்குகிறேன். அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்தால் என் கை தளர்ந்துவிடுகிறது. அந்தப் படியில் இரண்டு இடத்தில் குறுகலான வளைவு, நீட்டிய காலோடு அவரால் தானாக இறங்கவும் முடியாது.

இதையெல்லாம் நீ உன் ஆபீசில் யாரிடமும் பேசாதே. சலுகையில் அக்காவைத் தங்க வைத்துவிட்டு அதிகாரமும் பண்ணுகிறான் என்று உன் பெயர் கெடக் கூடாது.

பாசமுள்ள,
அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடு. நான் நலம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஆத்திரமாக இருக்கிறது.

என் பெயர் கிடக்கட்டும். உடனே ஒரு புகார் எழுது. எங்கள் அலுவலகத்தில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. காகிதத்தில் வந்தால் எண் போடுவார்கள், எண் போட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்துக்குள் எழுது. லிஃப்ட், தரைத்தள அறை, சிகிச்சை மூன்றும் இருக்கட்டும். வெந்நீரைச் சேர்க்காதே, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். நீ என் அக்கா என்று மட்டும் ஒரு வார்த்தை வேண்டாம். 'ஓசியில் வந்தவர்களுக்கு வாயைப் பார்' என்று ஓரங்கட்டிவிடுவார்கள். மானேஜர் கையில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்.

முறைப்படி வந்தால் முறைப்படி நடக்கும், அக்கா. அத்தானைத் தெம்பாக இருக்கச் சொல்.

என்றும் உன்,
தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னபடியே எழுதி மானேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, "ரொம்ப சரியா எழுதியிருக்கீங்கம்மா" என்று முத்திரை போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் முன்சக்கரம் வரவில்லை. பின்சக்கரமும் வரவில்லை. மதியம் முன்சக்கரம் மட்டும் கதவோரம் நின்று, "ஐயாவைத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மானேஜரிடம் ஓடினேன். "புகார் தலைமை அலுவலகத்துக்குப் போயிடுச்சுங்களே. பதில் வர்ற வரைக்கும் நாங்க கையை வைக்கக் கூடாது. தூக்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா அதுவும் ஃபைல்ல ஏறும். என் நிலைமையைப் புரிஞ்சுக்கங்க" என்றார். நான் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் இருவரைக் கூட்டி வந்தேன். வெளியாட்களுக்கு மாடியில் அனுமதி இல்லையாம். வேறு ஓட்டலுக்குப் போகிறோம் என்றேன். "தாராளமா போங்கம்மா" என்றார். போவதற்கும் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று கேட்டேன். அவரும் யோசித்தார். பாவம், எனக்கு உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெருவில் பஸ் போனால் மட்டும், அந்த டிரைவர் கியர் மாற்றிய லட்சணத்தைத் திட்டுகிறார். சீக்கிரம் ஏதாவது செய், தம்பி. உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

பாசமுள்ள,
அக்கா

மார்ச் 24

தலைமை அலுவலகம், விருந்தினர் உறவுப் பிரிவு

பெருமதிப்பிற்குரிய விருந்தினர் அவர்களுக்கு,

தாங்கள் நலமுடன் இருக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் விருப்பம். லிஃப்ட் இயங்காதது குறித்த தங்கள் கடிதம் எங்கள் மனத்தைத் தொட்டது. ஒவ்வொரு படியும் தங்களுக்கு எத்தனை பாரமாக இருந்திருக்கும் என்பதை உணர்கிறோம். வீட்டை விட்டு வந்தவருக்கு வீடாக இருக்க வேண்டியவர்கள் நாங்கள். இந்தச் சிரமத்தை எங்கள் சொந்த வீட்டில் ஒருவருக்கு நேர்ந்ததாகவே கருதுகிறோம். இனி இதை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுத் தாங்கள் நிம்மதியாக ஓய்வெடுங்கள். மிக விரைவில் நல்ல செய்தி வரும்.

தங்கள் நலம் நாடும்,
பிரிவு அலுவலர்

மார்ச் 27

என் அருமைத் தம்பிக்கு,

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட மறந்து பேனாவை எடுத்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் ஆபீஸ் கடிதம் வந்தது. கையெழுத்து வேறு யாருடையதோ. ஆனால் எழுத்து உன்னுடையது! என்னை ஏமாற்ற முடியுமா? "ஒவ்வொரு படியும் எத்தனை பாரம்" என்று படித்ததும் நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் இருந்தது. "எங்கள் சொந்த வீட்டில் ஒருவருக்கு நேர்ந்ததாகவே" என்று வெளியில் தெரியாமல் எங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதினாயே, கெட்டிக்காரன். அத்தானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை வேலையில இறங்கிட்டான்டி" என்று அன்று ரொட்டியைக் கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டார்.

இன்னொரு விஷயம். நாங்கள் வராததைப் பார்த்து ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி கொடுக்கும் அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார். "பொது வார்டுல ஒரு கட்டில் காலியாகுது. திரும்பச் சேர்ந்துடுங்க, எங்க ஸ்ட்ரெச்சர் ஆளுங்களே வந்து இறக்கிடுவாங்க. ஆனா இன்னிக்கே சொல்லணும்" என்றார். நல்ல மனுஷி. நான் உன் கடிதத்தைக் காட்டி, என் தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான், தரைத்தள அறை வரப்போகிறது, கட்டிலை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பொது வார்டின் நாற்றமும் சத்தமும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

எந்த நாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. பெட்டியைக் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.

பாசமுள்ள,
அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். பதிலைக் காணவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? தையல் மறுபடி தொந்தரவு கொடுக்கிறதா? கவலையாக இருக்கிறது.

இங்கே எல்லாரும் மரியாதையாக நடத்துகிறார்கள். மானேஜர் மாடிக்கே வந்து விசாரித்தார். கட்டி வைத்த பெட்டியில் அத்தானின் சட்டை மாட்டிக்கொண்டது, அதற்காகத் திறந்தேன். மறுபடி கட்டவில்லை.

ஒரு வரி போடு.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

நான் நலம்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தை உனக்கு நான் எழுதவில்லை. ஆனால் எழுத்து என்னுடையதுதான். எங்கள் பிரிவில் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு பத்தி தயாராக இருக்கும். தண்ணீர் வரவில்லை என்றால் ஒன்று, கரப்பான் பூச்சி என்றால் ஒன்று. லிஃப்ட் பத்தியை நான்தான் எழுதிக் கொடுத்தேன், எனக்குப் பதவி உயர்வு கிடைத்த வருஷம். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு அது போயிருக்கிறது. "சொந்த வீட்டில் ஒருவருக்கு" என்பது எல்லாருக்கும் போவது, அக்கா. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

உன் புகார் என் மேஜைக்குத்தான் வந்தது. சொந்தக்காரர் புகாரைத் தொடக் கூடாது என்பது விதி. பின்னால் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்று பயந்து, பக்கத்து மேஜைக்குத் தள்ளினேன். அவர் நல்லவர், சீக்கிரம் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். சீக்கிரம்தான் அனுப்பினார்.

மேலதிகாரியிடம் போய் நின்றேன். "லிஃப்ட் வாங்கறது கொள்முதல் பிரிவு. நாம பதில் பிரிவு. பதில் போச்சா?" என்றார். போச்சு என்றேன். "அப்ப நம்ம வேலை முடிஞ்சுது" என்றார். கொள்முதலில் கேட்டால் கிளை மானேஜர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். மானேஜரைப் போனில் பிடித்தால் தலைமை அலுவலகக் கையெழுத்து வந்தால்தான் தான் போட முடியும் என்கிறார். டைரக்டர் அறையைப் பற்றிக் கேட்கப் போனவனை டைரக்டரின் உதவியாளர் வாசலிலேயே மடக்கி, டீ கொடுத்து அனுப்பிவிட்டார். ஒருவரும் கோபமாகப் பேசவில்லை, அக்கா. கோபமாகப் பேசியிருந்தால் நானாவது சண்டை போட்டிருப்பேன்.

கிளம்பி வரலாம் என்று டிக்கெட் வாங்கினேன். வந்து என்ன செய்வேன்? என்னால் ஒரு நாற்காலியைத் தூக்க முடியாது. அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலை உடனே போய்க் கேள். இன்னும் இருக்கிறதா? அதை மட்டும் எழுது. உன் காலில் விழுகிறேன்.

தம்பி

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நீ வேலைக்கு ஒழுங்காகப் போ. இங்கே வெயில் அதிகம், மற்றபடி நலம். உன் வீட்டுக்காரிக்குத் தலைவலி என்று முன்பு எழுதியிருந்தாளே, தேவலையா?

அத்தான் ஓய்வாக இருக்கிறார். இப்போதெல்லாம் வலி என்று சொல்வதில்லை. பயிற்சி நேரத்தில் வாயில் துண்டை வைத்துக்கொள்கிறார். நான் மடக்குகிறேன். நன்றாகத்தான் மடக்குகிறேன். நாங்கள் முன்கூட்டிக் கட்டிய காலம் அடுத்த வாரம் முடிகிறது.

நீ மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

அக்கா

மே 15

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே? வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன், ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பேனா அடங்கவில்லை. உன் அக்கா எழுத உட்கார்ந்தாள், தேதி போட்டதோடு எழுந்து போய்விட்டாள். அதனால் நான்.

நீ கேட்டதற்கு அவள் பதில் எழுதியிருக்க மாட்டாள். அந்தக் கட்டில் அன்றைக்கே போய்விட்டது. உன் கடிதம் வந்த பிறகு தினமும் விடிந்ததும் சாலையைக் கடந்து போய், இன்று ஏதாவது காலியா என்று கேட்டுவிட்டு வந்தாள். என்னிடம் பால் வாங்கப் போவதாகச் சொல்வாள். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்கும் நன்றாகத் தெரியும், நான் பார்ப்பது. இருவரும் பாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் அறையைக் காலி செய்யும் நாள். மானேஜர் நாலு பேரை அனுப்பினார், முன்சக்கரம், பின்சக்கரம், கூட இரண்டு ஸ்டெப்னி. பூப்போல இறக்கினார்கள். "அப்ப மட்டும் தூக்கக் கூடாதுன்னீங்களே?" என்று உன் அக்கா கேட்டாள். "அது தங்கற விருந்தாளிக்கும்மா. காலி பண்றவங்களுக்கு அந்த ரூல் கிடையாது" என்றார் மானேஜர். முன்சக்கரம் ஆட்டோ வரைக்கும் வந்து என் செருப்பைத் தட்டி மாட்டிவிட்டார். மாட்ட வேண்டியது ஒரு கால்தான், இரண்டுக்கும் மாட்டினார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். எலும்பு பிரமாதமாக ஒட்டியிருக்கிறதாம். மூட்டு இறுகிவிட்டதாம். "பயந்து பயந்து மடக்கியிருக்கீங்க" என்று உன் அக்காவைப் பார்த்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவர் சொன்னதில் தப்பில்லை, அவள் பயந்ததிலும் தப்பில்லை. மறுபடி அறுத்தால் சரியாகுமா என்றேன். கையை விரித்தார். டிப்போவுக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன், வண்டியை அந்த ஆளுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடச் சொல்லி. அவன் கிளட்சைத் தேய்க்காமல் இருந்தால் சரி.

உன் மேல் கோபமா என்று நீ நாலு பக்கத்துக்குள் நாற்பது இடத்தில் கேட்காமல் கேட்டிருந்தாய். இந்த மூன்று மாதமும் ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, மாப்பிள்ளை. ரிசப்ஷன் பெண் மன்னிப்புக் கேட்டாள். மானேஜர் கேட்டார். உங்கள் கம்பெனி எழுத்து மூலமாகவே கேட்டது. நீ கேட்டாய். உன் அக்கா தூக்கத்தில் புரண்டு படுத்துக்கூடக் கேட்கிறாள். எல்லாரையும் மன்னித்துவிட்டேன், வேறு என்ன செய்ய? கத்தலாம் என்றால் யாரைப் பார்த்துக் கத்துவது?

இப்போது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கால் மடங்காமல் நேராக நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. போகிறவர்கள் எல்லாம் அதில் தடுக்கி, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனம் தூக்காதே.

அத்தான்